செவியோரக் கட்டியும் அறுவை மருத்துவமும்



குழந்தையின் காதடி வீங்கினால், ‘பொன்னுக்கு வீங்கி’ என்று கூறிக் கழுத்தில் பொற்சங்கிலி அணிவித்தல் நம் இல்லங்களின் பழைய வழக்கம். அந்நோய் நுண்கிருமியால் வருவது. காய்ச்சலும் வலியும் உடன் வரும். பெரும்பாலும் பத்து நாள்களில் வடிந்துவிடும். ஆயின், நடுவயதினர் ஒருவருக்கு அதே இடத்தில் வலியற்ற கட்டி தோன்றி, மாதக்கணக்கில் மெல்ல வளருமாயின் அது வேறு நோய். ‘வலிக்கவில்லையே’ என்று நாளைக் கடத்துவதில்தான் இடர் தொடங்குகிறது.

உமிழ்நீர் சுரக்கும் பெருஞ்சுரப்பிகள் மூன்று இணை: செவியருகே ஓர் இணை, தாடையடியில் ஓர் இணை, நாவடியில் ஓர் இணை. இவற்றுள் செவியருகுச் சுரப்பியே பெரியது. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளுள் ஏறத்தாழ 80 விழுக்காடு இங்குத் தோன்றுகின்றன. அவற்றுள்ளும் பெரும்பாலானவை புற்றல்லாதவையே. எனினும், மிகுதியாகக் காணப்படும் வகை பல்லாண்டுகள் விடப்பட்டால் சிலருக்குப் புற்றாக மாறக்கூடும். ஆதலின் ஊசிவழிச் சோதனையும் ஸ்கேனும் செய்து, அதனை அகற்றுதலே முறை.

கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதாதோ? போதாது. அதன் உறை மெல்லியது. சிறு துணுக்கு எஞ்சினும் மீண்டும் முளைக்கும். எனவே, சூழ்ந்துள்ள சுரப்பிப் பகுதியோடு சேர்த்தே நீக்குவர். ஆனால், அச்சுரப்பியின் ஊடாகத்தான் முக நரம்பு ஐந்து கிளைகளாகப் பிரிந்து செல்கிறது. இமை மூடுவதும் இதழில் முறுவல் மலர்வதும் அந்நரம்பால். ஆகவே, மருத்துவர் முதலில் நரம்பைத் தேடிக் கண்டு, கிளைகளை ஒவ்வொன்றாகக் காத்த பின்னரே கட்டியை அகற்றுவார். அவர்தம் திறன் நீக்குவதில் மட்டுமன்று, காப்பதிலும் விளங்குகிறது.

அறுவைக்குப் பின் உதடோ இமையோ சற்றுத் தளரலாம். நரம்பு காக்கப்பட்டிருப்பின், பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சீராகும். காதுமடல் மரத்திருக்கலாம், சிலருக்கு உண்ணும்போது கன்னம் வியர்க்கும். ஒரு சுரப்பி நீங்கியதால் வாய் வறண்டுவிடாது; எஞ்சியவை அப்பணியை ஏற்கும்.

காதடியிலோ தாடையடியிலோ மூன்று வாரம் கடந்தும் வடியாத கட்டி இருப்பின், காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகுங்கள். கட்டி விரைந்து வளர்ந்தாலோ, வலித்தாலோ, முகம் ஒருபுறம் கோணினாலோ ஒரு நாளும் தாழ்த்தலாகாது. வீட்டு முதியோர் ‘ஒன்றுமில்லை’ என்று மறைப்பர். பிள்ளைகள்தாம் கேட்டறிந்து அழைத்துச் செல்ல வேண்டும்.