கவிஞரும் கணிப்பொறித் தளமும்



தமிழ் கற்பிக்கும் ஒருத்தி கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், நம்முள் பெரும்பாலோர் இன்று பாட்டை ஏட்டில் எழுதுவதில்லை, எந்திரத்தில்தான் எழுதுகிறோம். அவ்வெந்திரத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். நம்மிற் பலர் கையாண்டுவரும் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, 4 ஜி.பி. நினைவகமும் புதிய வகைச் செயலியும் வேண்டும் என்கிறது. ஆகவே, “கணிப்பொறியையே மாற்றிவிடுங்கள்” என்று கடையில் சொல்லி அனுப்புகின்றனர். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெற்று வாழும் கவிஞர்கள் நிறைந்த இவ்வாரணி அவையில் அவ்வாறு சொல்வது எளிதன்று.

மாற்று வழி ஒன்று உண்டு. பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் உருவாக்கி வெளியிட்ட லினக்ஸ் என்பதே அது. (தமிழுக்கு இடமளித்த யூனிகோடு குறியீட்டின் முதற்பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான் என்பது ஓர் இனிய ஒற்றுமை.) லினக்ஸ் என்பது கருப்பொருள் மட்டுமே. அதனோடு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துத் தொகுத்து அளிப்பதை வழங்கல் என்கிறோம். வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன; புதியவர் திகைப்பதும் அங்கேதான்.

எதைத் தேர்வது? நிலைப்பு, எளிய சுமை என்னும் இரண்டையே நான் முதலிற் காண்பேன்.

நிலைப்பு என்றால் பழுதே வராமை என்று பொருளன்று. வெளியிட்ட பின்னர் மென்பொருளின் பதிப்புகளை மாற்றாமல், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அளித்து வருவதே அதன் பொருள். தறியில் பாவு ஏற்றிய பின், பாதிச் சேலையில் அட்டையை மாற்றி வேறு பூ விழச் செய்பவர் உண்டோ? ஆர்ச் லினக்ஸ் போன்றவை இடையறாது புதுப்பித்துக்கொண்டே செல்வன. ஆராய்ச்சி விருப்பம் உடையவர்க்கு அவை தகும். மலர்ப் பணி முடிக்க வேண்டிய இரவில் தகா. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை நிலைப் பதிப்பு ஒன்றை வெளியிடுகிறது. 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்றாண்டு முழு ஆதரவும், அதன்மேல் இரண்டாண்டு நீட்டித்த ஆதரவும் உண்டு. புதுமைகள் சற்றுக் காலந்தாழ்ந்தே வந்து சேரும். வெண்பா எழுதுவோர்க்கு அதனால் யாது இழப்பு?

அடுத்தது சுமை. ஒரே டெபியனைப் பல முகப்புகளோடு நிறுவலாம். க்னோம் என்னும் முகப்பு அழகியது; பழைய பொறிக்கோ பளு. எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.கியூ.டி. ஆகிய இரண்டும் எளியவை. 2 ஜி.பி. நினைவகமே உள்ள பொறிக்கு டெபியனும் எல்.எக்ஸ்.கியூ.டி.யும் போதும், 4 ஜி.பி. உடைய புதியவர்க்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு கைக்கு இணங்கும். ஒன்றை மறைத்தலாகாது: இணைய உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தால் எந்த எளிய முகப்பும் 2 ஜி.பி.யைக் காப்பாற்றாது. செலவு செய்ய இயலுமாயின், பழைய வன்வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவது நன்று.

இது தமிழகத்திற்குப் புதிதன்று. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, 2007 அளவில், எல்காட் நிறுவனம் தன் கணிப்பொறிகளில் சூசே லினக்ஸை ஏற்றது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு பாஸ் என்னும் வழங்கலை 2007இல் வெளியிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கப் பொறிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. என் மாணவியருட் பலர் அதைத் திறந்தும் பார்த்ததில்லை; காட்டித் தருவார் இல்லை. ஆகவே, தேர்வை ஆளுக்கொன்றாகச் செய்யாமல் வட்டம் முழுமைக்கும் ஒன்றாகச் செய்வோம் என்று வேண்டுகிறேன். ஒருவர் இடறினால் மற்றவர் கைகொடுக்கலாம்.

தமிழே நமக்கு உரைகல். நிறுவுமுன் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். ‘கொ’, ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவை சிதையாமல் தோன்றுகின்றனவா, உங்கள் அச்சுப்பொறி ஏற்கிறதா என்று காணுங்கள். ஐபஸ், எம்17என் ஆகியவற்றின் வழியே, தமிழக அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ் 99 முறையிலும், முதியோர் பயின்ற பழைய தட்டச்சு முறையிலும், ஒலிப்பு முறையிலும் எழுதலாம். லோகித், நோட்டோ, மீரா இனிமை ஆகிய எழுத்துருக்கள் தடையின்றிக் கிடைக்கின்றன. மலர் வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் உள்ளது. 2024இல் வந்த அதன் 1.6 பதிப்பு தமிழெழுத்தை முறையாகக் கோக்கிறது.

என் கவலை வேறொன்றில் உள்ளது. நம் மலர்களின் கோப்புகளுள் பல பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் கவிதை வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தோன்றும். எழுத்துருக் கோப்பையும் உடன்கொண்டு சென்று லினக்ஸில் நிறுவினால் மீண்டும் தமிழாகும். எனினும் அது தற்காலிக ஏற்பாடே. அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றி, பிழைதிருத்தி, லிப்ரே ஆபீஸின் திறந்த வடிவில் சேமித்தல் வேண்டும். மாற்றுக்கருவி ஒற்றெழுத்தையும் கொம்பையும் இடம்மாற்றி வைப்பதுண்டு; மெய்ப்புப் பார்க்கக் கவிஞர் கண்ணே வேண்டும். அப்பணிக்கு, தைத் திங்கள் முதல் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தர நான் அணியமாக உள்ளேன். வருவோர் தத்தம் கோப்புகளைப் படியெடுத்து இரண்டு இடங்களில் வைத்துவிட்டு வருக. பழைய இயங்குதளத்தை அழிப்பது அதற்குப் பின்னரே.