கெட்டிமேளத்துல படம் ஏன் உடையுது?

இன்னைக்கு டாபிக்கைச் சொன்னா சிரிப்பீங்க. டிவிடி. எடிட் பண்ணின வீடியோவை டிவிடியில ஏத்தும்போது படம் ஏன் உடையுது, உடையாம எப்படி ஏத்துறது, அதான் விஷயம்.

"யாருப்பா இன்னும் டிவிடி பாக்குறா"ன்னு கேப்பீங்க. எங்க ஆயா பாக்குறாங்க, மேல்பட்டாம்பாக்கத்துல. தாத்தா என்எல்சியில இருந்து ரிட்டையர் ஆனதும், நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் சொந்த ஊருக்கே வந்துட்டாங்க. வீட்ல பழைய டியூப் டிவி, ஒரு டிவிடி பிளேயர். ஸ்மார்ட் டிவி வேண்டாமாம், எதைத் தொட்டாலும் விளம்பரம் வருதாம். நியாயமான கம்ப்ளெயிண்ட்தான்.

போன வருஷம் பண்ருட்டியில அத்தை பொண்ணுக்குக் கல்யாணம். தாத்தா கலந்துக்கிட்ட கடைசி விசேஷம் அது. அடுத்த நாலு மாசத்துல தவறிட்டாரு. ஒரு ஸ்டுடியோவுல கல்யாண வீடியோவை டிவிடியா போட்டுக் கொடுத்திருந்தாங்க. நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு எல்லாம் சுமாரா ஓடுது. கெட்டிமேளம் கொட்டி தாத்தா அட்சதை போடுற இடம் வந்ததும் படம் சதுரம் சதுரமா உடையுது. அவர் முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு பிரவுன் கட்டம். தட்டுல தூசின்னு நினைச்சு ஆயா புடவைத் தலைப்பால துடைச்சுத் துடைச்சுப் போடுறாங்க.

துடைச்சா போகாது. ஏன்னு பாப்போம்.

டிவிடியில இருக்கிறது எம்பெக்-2 வீடியோ. அது ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசா எழுதி வைக்காது. அப்பப்போ ஒண்ணை முழுசா வெச்சுட்டு, நடுவுல உள்ளதுல என்ன மாறிச்சோ அதை மட்டும் எழுதும். ஐயர் உக்காந்து மந்திரம் சொல்றாரா? மாறுறது கொஞ்சம்தான், பிட் கம்மி போதும். கெட்டிமேளத்துல என்ன நடக்குது? நூத்துக்கணக்கான அரிசி, ஒவ்வொண்ணும் ஒரு திசையில பறக்குது. பூ விழுது, கேமரா ஃபிளாஷ் அடிக்குது, மண்டபமே எழுந்து நிக்குது. முந்தின ஃப்ரேமை வெச்சு எதையும் ஊகிக்க முடியாது. மொத்தக் கல்யாணத்துலயும் என்கோடருக்குக் கஷ்டமான நிமிஷம், நமக்கு ரொம்ப வேண்டிய அதே நிமிஷம்தான்.

இப்போ கணக்கு. சாதாரண டிவிடியில 470 கோடி பைட். எட்டால பெருக்கினா 3,760 கோடி பிட். நம்ம பட்ஜெட் அவ்வளவுதான். ஸ்டுடியோ தட்டுல வீடியோ 3 மணி 40 நிமிஷம், அதாவது 13,200 செகண்ட். வகுத்தா செகண்டுக்கு 2.85 மெகாபிட். இதுல ஆடியோவை கம்ப்ரெஸ் பண்ணாம பிசிஎம்-ஆ போட்டிருந்தாங்க, அதுக்கே 1.5 போயிடுச்சு. படத்துக்கு மிச்சம் சுமார் 1.3. பழைய விசிடியில வீடியோவுக்கு 1.15 மெகாபிட். ஆனா விசிடி படம் 352க்கு 288, டிவிடி படம் 720க்கு 576. நாலு மடங்கு பெரிய படத்துக்கு கிட்டத்தட்ட அதே சாப்பாடு. (பர்மா பஜார் "5 இன் 1" டிவிடி ஞாபகம் இருக்கா? ரெண்டரை மணி நேரப் படம் அஞ்சுன்னா, செகண்டுக்கு 0.84 மெகாபிட், அதுவும் ஆடியோவோட சேர்த்து. ஹீரோ மூஞ்சி ஏன் களி மாதிரி இருந்துச்சுன்னு இப்போ புரியுதா?)

முதல் வேலையா அந்த டிவிடியை மறந்துட்டு, எடிட் பண்ணின அண்ணன்கிட்ட மாஸ்டர் ஃபைலை வாங்கினேன். ஒரு தடவை நசுக்கின படத்தை மறுபடி நசுக்கினா, பழைய கட்டங்களையும் சேர்த்து என்கோடர் பத்திரமா காப்பாத்தும். வாட்ஸ்அப்ல வந்ததை, யூடியூப்ல இருந்து இறக்கினதை டிவிடியில போடாதீங்க.

அப்புறம் நீளம். 220 நிமிஷத்தை 175 ஆக்கினேன். ரிசப்ஷன் வரிசையில கை வெச்சேன்னு மாமாவுக்குக் கோபம் வந்துடப் போகுது, அதனால ஒரு சொந்தக்காரரையும் வெட்டலை. போனது ஸ்லோமோஷன், ஒரே மண்டபத்தை நாலு தடவை சுத்தின டிரோன் ஷாட், பாட்டு மான்டேஜ். மேல தூவியிருந்த நட்சத்திர எஃபெக்ட்டையும் எடுக்கச் சொன்னேன். அது அழகுக்குன்னு போட்ட அட்சதை, பிட்டைத் தின்னுட்டே இருக்கும்.

மிச்சத்தை ரெண்டு தட்டா பிரிச்சேன். ரிசப்ஷனுக்கு 100 நிமிஷம், சராசரி 5.8 மெகாபிட். முகூர்த்தத்துக்கு 75 நிமிஷம், சராசரி 7. டூயல் லேயர்ல 8.5 ஜிபி கிடைக்குமே, ஒரே தட்டா போடலாமேன்னு கேக்கலாம். பழைய பிளேயர் நிறைய அதைப் படிக்கத் திணறும். ஆடியோ டால்பி டிஜிட்டல், 192 கிலோபிட். விதிப்படி வீடியோவை 9.8 வரைக்கும் ஏத்தலாம், ஆனா எழுதின தட்டுல அந்த உச்சத்துக்குப் போனா பிளேயர் விக்கும். உச்சம் 8.5-ன்னு கட்டி வெச்சேன்.

முக்கியமான செட்டிங் டூ பாஸ் விபிஆர். முதல் ரவுண்டுல எந்த இடம் கஷ்டம்னு வீடியோ முழுக்கப் பாத்துக் குறிச்சுக்கும். ரெண்டாவது ரவுண்டுல, சும்மா உக்காந்திருக்கிற சீன்ல மிச்சம் புடிச்சு கெட்டிமேளத்துக்குக் கொடுக்கும். நேரம் டபுள் ஆகும். ஆகட்டும், ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்குங்க. எஃப்எஃப்எம்பெக்ல இலவசமாவே பண்ணலாம். மெனு, சாப்டருக்கு டிவிடி ஸ்டைலர்.

சின்னச் சின்னதா சில விஷயம். மண்டப வெளிச்சம் கம்மின்னா படத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் இருக்கும். என்கோடருக்கு அதுவும் அசைவுதான், முன்னாடியே லேசா குறைச்சுடுங்க. பட்டுப்புடவை ஜரிகை டியூப் டிவியில மினுக் மினுக்குன்னு துடிக்கும். மேலும் கீழுமா மட்டும் கொஞ்சூண்டு பிளர் கொடுத்தா அடங்கும். நம்ம ஊர் பால் சிஸ்டத்துல செகண்டுக்கு 25 ஃப்ரேம். 30-ல எடுத்த போன் கிளிப்பைக் கலந்தா வெட்டி வெட்டி ஓடும். வீட்ல பழைய மினி டிவி டேப் இருந்தா அது லோயர் ஃபீல்டு ஃபர்ஸ்ட். மாத்திப் போட்டா கை அசைஞ்சாலே படம் நடுங்கும்.

லேப்டாப்ல பாத்துட்டு ஓகே பண்ணாதீங்க. அழிச்சு எழுதுற டிவிடி ஒண்ணுல கெட்டிமேளம் அஞ்சு நிமிஷத்தை மட்டும் எழுதி, ஆயா வீட்டு பிளேயர்லயே போட்டுப் பாத்தேன். பறக்குற அரிசி இன்னும் கொஞ்சம் மசமசன்னுதான் இருக்கு. தாத்தா முகம் உடையலை. ஆயா கிட்ட வந்து பாத்துட்டு, "கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு நின்னிருக்காரு பாரு, யாரு தல மேல போட்டாரோ"ன்னாங்க. முழு தட்டு எழுதும்போது அதுக்குச் சரியா பத்து செகண்ட் முன்னாடி ஒரு சாப்டர் வெச்சேன். ரிமோட்ல நெக்ஸ்ட் பட்டன் ரெண்டு தடவை அமுக்கினா போதும்.

எழுதும்போது டிரைவ் காட்டுற மேக்ஸிமம் ஸ்பீடு வேண்டாம், நடுவுல ஒண்ணு போதும். எழுதி முடிச்சதும் வெரிஃபை போடுங்க. மேல பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, சுத்தும்போது ஆடும். டிவிடி மார்க்கர்ல பேர் எழுதுங்க. ஐஎஸ்ஓ ஃபைலை ஒரு ஹார்ட் டிஸ்க்லயும் மாஸ்டரை இன்னொண்ணுலயும் வெச்சுக்குங்க, ஏன்னா தட்டு கீறும், ஆயாவும் துடைக்கிறதை நிறுத்தப் போறதில்ல.