நம் பிள்ளைகள் எங்கே படிக்க வேண்டும்?

(ஜூபிலி விழாவையொட்டி இனயத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஜூபிலி மேடையில் ஊரின் பெருமைகளைப் பேசுவதே வழக்கம். எங்களை அழைத்தவர்களோ, பள்ளிக்கூடக் காரியத்தைப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் காரியத்தில் ஊர் இரண்டுபட்டு நிற்பது உங்களுக்குத் தெரியும். மீன் ஏலம் போடுகிற இடத்திலும், கோயில் முற்றத்திலும், அன்பியக் கூட்டத்திலும் இதே பேச்சுத்தான். நம் தொடக்கப்பள்ளியில் ஆங்கில வழி வகுப்புத் தொடங்க வேண்டும், இல்லையேல் பிள்ளைகள் யாவரும் வேனில் ஏறிப் போய்விடுவார்கள் என்பது ஒரு சாரார் வாதம். தமிழில் தொடங்காத பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பது மறு சாரார் வாதம். இரு பக்கமும் நம் உறவினர்கள்தாம். ஆகவே கோபமின்றிப் பேச விரும்புகிறோம்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் மூத்த பிள்ளையை நாங்களும் வேனில்தான் அனுப்பினோம். காலை ஏழு மணிக்கே டையும் ஷூவும் மாட்டி ரோட்டோரம் நிறுத்துவோம். ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலப் பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தபோது எங்களுக்கு உச்சி குளிர்ந்தது. மூன்றாம் வகுப்பு வந்தபிறகு, "மக்களே, இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டோம். பிள்ளை விழித்தது. எங்களுக்கும் தெரியாததால் மாலையில் டியூஷன் வைத்தோம். கட்டணமோ ஜூன் மாதத்தில் கட்ட வேண்டும். நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். வள்ளக்காரருக்கும் அப்போது கடல் இடம் கொடுப்பதில்லை. காதில் கிடந்ததையும் கழுத்தில் கிடந்ததையும் பணயம் வைத்துக் கட்டினோம். இங்கே எத்தனை அம்மாமார் தலையசைக்கிறீர்கள் என்று பார்க்கிறோம்.

இளைய பிள்ளையை நம் ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்தோம். இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே, கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மூத்தது இன்று ஒரு அதிகாரி முன்னால் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசக் கூசுவதில்லை. இளையது கூசுகிறது. ஆங்கிலம் கேட்கும் பெற்றோரை ஆடம்பரக்காரர் என்று யாரும் ஏசவேண்டாம். வளைகுடா நாட்டிலே படகுத் தொழிலுக்குப் போய், எழுத்துத் தெரியாமல் காகிதத்தில் கையொப்பமிட்டுச் சிரமப்பட்டவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பாடு தம் பிள்ளைக்கு வரக்கூடாது என்று நினைப்பதில் என்ன தவறு?

ஆயினும் ஒரு தவறான எண்ணம் ஊரில் பரவிக் கிடக்கிறது. மெட்ரிக்குலேஷன் பாடம் பெரியது, நம் பள்ளிப் பாடம் சிறியது என்கிறார்கள். முன்னே பாடத்திட்டங்கள் வெவ்வேறாக இருந்தது உண்மை. சமச்சீர் கல்வி 2010-ல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கி, 2011-ல் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் நம் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றே, மொழிதான் வேறு. நம் பள்ளியில் அந்தப் புத்தகம் இலவசம். அங்கே விற்கும் கூடுதல் புத்தகங்களின் கனத்தைப் பார்த்துப் படிப்பின் கனம் என்று மயங்குகிறோம்.

இந்த வழக்கு நம் ஊரோடு நிற்பதுமல்ல. 1999-ல் தமிழக அரசு, ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்று ஆணையிட்டது. 2000-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தள்ளியது. கர்நாடகத்து வழக்கில் 2014-ல் உச்சநீதிமன்றமும், தொடக்கக் கல்வியின் மொழியைத் தேர்வது பெற்றோர் உரிமை, அரசு திணிக்க இயலாது என்றது. இதற்கிடையே 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. ஆக, அரசும் நீதிமன்றமும் பாரத்தை நம் தலையிலேயே இறக்கி வைத்துவிட்டன.

நம் முன்னோருக்கும் இந்தப் பாரம் இருந்தது. அன்று இந்தக் கரை திருவிதாங்கூரில் இருந்தது. நம் பாட்டன்மார் பலர் படித்தது மலையாளம். தமிழருக்குத் தமிழ்நாடு வேண்டும் என்று கேட்டு 1954 ஆகஸ்டு 11-ல் நமக்கு அடுத்த புதுக்கடையிலும், மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் முதல் நாள்தான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். பிள்ளை தமிழில் படிப்பது அப்போது எளிதாகக் கிடைத்த காரியமல்ல. கோயிலிலும் அப்படித்தானே? லத்தீன் பூசையில் பக்தியாய் முழங்காலில் நின்றோம், சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தமிழில் செவிகொடுத்துக் கேட்டோம். ஆறு வயதுப் பிள்ளை வகுப்பில் இருப்பதும் அந்தப் பழைய பூசையைப் போல ஆகிவிடக் கூடாது.

இனி உள்ளபடியான ஆபத்துக்கு வருகிறோம். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. பத்துப் பிள்ளைகள் வேனில் ஏறினால் ஒரு ஆசிரியர் இடம் ஆட்டம் காணும். இரண்டே ஆசிரியர் என்றால், ஐந்து வகுப்பையும் அவர்கள் இருவரே சுமக்க வேண்டும். அப்போது படிப்புத் தளரும். அதைக் காட்டி இன்னும் பத்துப்பேர் போவார்கள். ஒவ்வொருவரும் தம் பிள்ளையைப் பற்றி மட்டும் முடிவெடுத்ததாகவே நினைப்போம். கட்டணம் கட்ட வகையற்ற வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கும் சேர்த்தே முடிவெடுத்திருப்போம். அந்த வீட்டுத் தாய் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை என்பதையும் கவனியுங்கள். கூடை சுமந்து மீன் விற்கப் போயிருப்பார்.

தனியார் பள்ளியில் ஏழைக்கு 25 விழுக்காடு இடம் உண்டே என்று ஒரு தம்பி கேட்டார். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014-ல் தீர்ப்பாயிற்று. நம் பக்கத்தில் பெரும்பாலான தனியார் பள்ளிகளை யார் நடத்துகிறார்கள் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நம் பள்ளியிலேயே ஆங்கில வழி தொடங்குவோம் என்றால், அந்த வகுப்பு ஆசிரியருக்குச் சம்பளம் யார் தருவது? பெற்றோர் தருவதானால், ஒரே கூரையின்கீழ் பணம் கட்டும் பிள்ளை ஒரு அறையிலும் கட்டாத பிள்ளை மறு அறையிலும் உட்காரும். அதை எங்கள் மனம் ஏற்கவில்லை. உங்களில் சிலருக்கு இது மாறுபாடாகத் தோன்றலாம்.

எங்கள் கருத்து இதுதான். ஐந்தாம் வகுப்பு வரை பாடம் தமிழிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்தை ஒன்றாம் வகுப்பு முதல் பேச்சாக, விளையாட்டாக, நாள்தோறும் கற்பிக்க ஒரு நல்ல ஆசிரியை வேண்டும். அவருக்கான ஊதியத்தை ஊர் பொதுவில் ஏற்கட்டும். அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கட்டும். வேனுக்கும் டியூஷனுக்கும் நாம் தனித்தனியே செலவிடுவதில் ஒரு பங்கு போதும். காலை உணவும் 2024 ஜூலையில் ஊரகத்து அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்துவிட்டது. விடியுமுன்னே வேலைக்குப் போகும் தாய்க்கு அது பெரிய ஆறுதல். பிற்காலத்தில் மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-ல் திருத்திய சட்டப்படி பள்ளிப் படிப்பும் தமிழில் இருக்க வேண்டும். இந்தச் செய்தி பல வீடுகளுக்கு எட்டவில்லை.

எங்களோடு உடன்படாதவர்களும் வரவேண்டும் என்றே கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பள்ளித் திண்ணையில் கூடுவோம். வரும் ஜூனில் ஐந்து வயது நிறையும் பிள்ளைகளின் பெயர்களை அங்கே எழுதப் போகிறோம். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வந்தாலும் போதும். ஆங்கில ஆசிரியைக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்ற கணக்கையும் கொண்டு வருகிறோம்.