மாஸிவ்னா பெருசு மட்டும்தானா?

திண்டுக்கல் டவுனுக்குள்ள முதல் தடவை வர்றவங்க மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்ததும் சொல்றது, ‘செம மாஸிவ்ல!’ திண்டு மாதிரி கிடக்கிற கல், அதுலதான் ஊருக்கே பேர். ‘மாஸிவ்’னு சொன்னது சரிதான். ஆனா அளவு பெருசா இருக்கிறதால மட்டும் இல்ல.

லத்தீன்ல ‘மாஸா’ன்னா பிசைஞ்ச மாவு உருண்டை. நம்ம புரோட்டா மாஸ்டர் கையில உருளுமே, அந்த மாதிரி. அதுல இருந்து வந்த ‘மாஸிவ்’, உள்ளே கூடு இல்லாம கனமா இருக்கிறதைக் குறிச்சுது. தமிழ்ல ‘கெட்டி’ன்னு சொல்றோமே, அதான். கெட்டித் தங்கத்துல செஞ்ச குட்டி மோதிரம்கூட அந்தக் கணக்குல மாஸிவ். பெரிய பஞ்சு மூட்டை கிடையாது.

இயற்பியல்ல நிறை இருந்தாலே போதும், எவ்வளவு துளியூண்டா இருந்தாலும் மாஸிவ்தான். பக்கத்து தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துல நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகுதுன்னதும் எவ்வளவு பெரிய சண்டை! ‘மாஸிவ் நியூட்ரினோ’ன்னு படிச்சா ஏதோ பூதம்னு தோணும். எலக்ட்ரானைவிடப் பல லட்சம் மடங்கு லேசான துகள்ங்க அது. அதுக்கு நிறை உண்டுன்னு காட்டினதுக்குத்தான் 2015-ல கஜிதா, மெக்டொனால்டு ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சுது.

ஆனா அதைக் கவனிக்க மலைக்குள்ள வைக்கத் திட்டம் போட்ட கருவி? 50,000 டன் இரும்பு. அது எந்த அர்த்தத்துல பார்த்தாலும் மாஸிவ். மலையைக் குடைஞ்சா தண்ணி என்னாகும், காடு என்னாகும்னு மக்கள் கேட்டாங்க. துகள் ரொம்பச் சின்னதுங்கன்னு சொன்னா, அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையே.