'கண்ணுக்குக் கண்': பொருளும் பயனும்



'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்' என்னும் பழமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சினம் மிகுந்த வேளையில் நாமே சொல்லியும் இருக்கிறோம். அதன் பொருள் யாது? அதனை நாம் எவ்வாறு கையாள வேண்டும்?

ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபி மன்னன் இந்நெறியைக் கல்லில் பொறித்தான். ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணே. அதற்கு மேல் ஆகாது. ஆகவே இது பழியைத் தூண்டும் சொல் மட்டுமன்று. பழிக்கு எல்லை கட்டிய சொல்லும் ஆகும்.

ஆயினும், அச்சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. உயர்குடியினன் கண்ணுக்கே கண் ஈடாயிற்று. எளியவன் கண்ணைக் கெடுத்தவன் வெள்ளி கொடுத்தால் போதும். அடிமையின் கண்ணுக்கோ அவன் விலையில் பாதி! 'யாருடைய கண்?' என்று கேட்ட பின்னரே நீதி வழங்கப்பட்டது. இக்கேள்வி நமக்குப் புதியதா?

நம் மதுரை மாவட்டத்து மேலூரை அடுத்துள்ளது மேலவளவு. அங்கே ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் மற்றும் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டனர். தனித்தொகுதியில் நின்று வென்றதே அவர் செய்த 'குற்றம்'. அன்று எத்தனை நெஞ்சங்கள் இப்பழமொழியை முணுமுணுத்திருக்கும்! ஆனால், அரிவாளுக்கு அரிவாள் என்று கிளம்பினால், எரிவது நம் குடிசை, சிறை செல்வது நம் பிள்ளை, மறைவது முதற்குற்றம். சாட்சி சொல்லத் துணிந்தோர் நீதிமன்றப் படியேறினர். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

போராட்டம் அத்துடன் முடிந்ததா? இல்லை. அவர்களுள் 13 பேர் 2019இல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். 'யாருடைய கண்?' என்னும் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. தீர்ப்பைப் பெறுவதற்கு மட்டுமன்று, அதனைக் காப்பதற்கும் கற்றவர் வேண்டும் என்பதே அது தரும் பாடம்.

இளைஞர்களே! சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. நமக்கென 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு. அவற்றைப் படியுங்கள். புகார் எழுதவும், முதல் தகவல் அறிக்கையின் படியைக் கேட்டுப் பெறவும், சாட்சிக்குத் துணை நிற்கவும் பழகுங்கள். நம் தெருவுக்கு ஒரு வழக்கறிஞரேனும் உருவாகட்டும்.

பிறர் கண்ணைப் பறிப்பது நம் நோக்கமன்று. நம் கண்ணும் அவர் கண்ணும் ஒரே விலையுடையவை என்று நாட்டை ஒப்புக்கொள்ளச் செய்வதே நாம் தரும் பதிலடி.