இரண்டு உயிருக்கு இரண்டு பங்கு சோறா?

(பெண் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



"வயிற்றில் இன்னொரு உயிர் இருக்கிறது, இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்பார் ஒரு வீட்டு மாமியார். "நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்" என்று சோற்றைக் குறைப்பார் அடுத்த வீட்டு மாமியார். இருவரும் பிரியத்தினால்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் தவறு.

கர்ப்பகாலத்தில் கூடுகிற எடை எங்கே போகிறது? கணக்குப் பார்ப்போம். பிள்ளை சுமார் 3 கிலோ. நஞ்சு, பனிக்குடத் தண்ணீர், வளர்ந்த கர்ப்பப்பை மூன்றும் சேர்ந்து இரண்டரை கிலோ. புதிதாய் ஊறும் ரத்தம் ஒன்றரை கிலோ. பால் கொடுக்கும் நாளுக்கென்று உடம்பு சேர்த்து வைக்கும் கொழுப்பு 3 கிலோ. மிச்சம் மார்பும் நீரும். நடுத்தர உடம்புக்கு 11.5 முதல் 16 கிலோ, மெலிந்தவருக்கு 12.5 முதல் 18, மிகப் பருத்தவருக்கு 5 முதல் 9 கிலோ கூடினால் போதும் என்று அமெரிக்க நிபுணர் குழு 2009-ல் வகுத்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பொதுவாக 10 கிலோவை ஒட்டிச் சொல்வார்கள். ஆகவே முதல் மாதத்திலேயே தராசில் ஏறி நின்றாக வேண்டும். தொடங்கிய இடம் தெரியாமல் எவ்வளவு கூடியது என்று எப்படிச் சொல்வது?

பருமன் பணக்காரர் வியாதி என்று நாம் நினைப்பது பழைய நினைப்பு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை மிகுந்தவர்கள். 12 பேருக்கு மேல் மெலிந்தவர்கள். ஏன்? ரேஷனில் அரிசி இலவசம், பருப்புக்குக் காசு வேண்டும். நைட் ஷிப்டில் கிடைப்பது டீயும் பன்னும். வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறுவதில்லை. பருத்த உடம்பிலும் சோகை இருக்கும், தோழர்களே! இதற்காக எந்தப் பெண்ணையும் கேலி பேசுவது கேவலம்.

பருத்த உடம்போடு கர்ப்பமானால் சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, ஆபரேஷன் பிரசவம் ஆகியவற்றுக்கு இடம் அதிகம். அதற்காகப் பட்டினி கிடந்து இளைக்கக் கூடாது, பிள்ளைக்கு ஆபத்து. மெலிந்தவர் போதிய எடை கூடாவிட்டால் பிள்ளை சிறுத்துப் பிறக்கும். முதல் மூன்று மாதம் தனியாக எதுவும் கூட்ட வேண்டாம். பிறகு தினம் ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம் – கூடுதல் என்பது இவ்வளவுதான். இரண்டாவது தட்டுச் சோறு வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள்.

நடப்பது நல்லது. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்பது நடை ஆகாது. பேறுகாலம் நெருங்கும்போது கேட்டால் கடும் வேலையும் நெடுநேர நிற்பும் தரக்கூடாது என்று 1961-ம் வருஷச் சட்டமே சொன்னது. எத்தனை மில்லில் கேட்டோம்? நாற்று நடும் பெண்ணுக்கோ அந்தச் சட்டம் எட்டவே இல்லை.

கடைசியாக ஒன்று. எடை திடீரென்று ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் வந்தால் அது கொழுப்பல்ல. ரத்தக் கொதிப்பாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆண் தோழர்களே, அன்று ஒருநாள் கூலி போனாலும் நீங்களும் கூடப் போங்கள்.