கற்பிக்க வந்தோரும் கற்றுக்கொண்டோரே



கல்முனையிலிருந்து கடலோரச் சாலை வழியே வடக்கு நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றால் மட்டக்களப்பு நகரை அடையலாம். 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை, கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தனவாகவே இருந்தன. ஆங்கிலக் கல்வியை நாடிய இக்கரையோரத்து இளைஞர் தேடிச் சென்ற இடங்களுள் ஒன்று, 1873இல் நிறுவப்பெற்ற புனித மிக்கேல் கல்லூரி. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் அங்குப் பயின்றவரே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், அமெரிக்காவின் தென் மாநிலமாகிய லூசியானாவிலிருந்து இயேசு சபைத் துறவிகள் சிலர் இப்பகுதியிற் பணியாற்ற வந்தனர். வெபர் அடிகளார் 1947இலும், ஹேபியர், மில்லர் ஆகிய அடிகளார் இருவரும் 1948இலும் வந்தனர். இந்நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சி முடிவுற்றதும் அந்த 1948ஆம் ஆண்டிலேதான். ஆள வந்தவர்கள் விடைபெற்ற வேளையிற் கற்பிக்க வந்தவர்கள் இவர்கள்.

அமெரிக்க ஆசிரியர் ஒருவருடைய வகுப்பறை எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். 'ஸ்கூல்' என்று அவர் சொல்ல, பிள்ளைகள் 'இஸ்கூல்' என்பர். மெய்யெழுத்தை மொழிமுதலில் ஏற்காத தமிழ் நாவின் இயல்பு அது. நாம் 'லொறி' என்பதை அவர் 'ட்ரக்' என்பார். 'கலர்' என்னும் சொல்லில் ஆங்கிலேயர் எழுதும் ஓர் எழுத்தை அமெரிக்கர் எழுதார். ஆங்கிலத்திலும் இருவகை உண்டென்று கண்டு மாணவர் வியப்பர். தெருவில் இறங்கியதும் ஆசிரியரே மாணவராகிவிடுவார். லகர, ளகர, ழகரங்களுக்கிடையே அவர் நாத் தடுமாறும். தம் மொழியில் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லால் அழைப்பவரை, இங்கே பெரியப்பா என்றும் சித்தப்பா என்றும் மாமா என்றும் பிரித்தறிய வேண்டும். முஸ்லிம் மாணவன் வீட்டிலோ வாப்பா, உம்மா, காக்கா என வேறு வரிசையும் உண்டு. இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் அவ்வூர்ப் பிள்ளைகளே.

பாடப்புத்தகத்தோடு அவர்கள் பணி நின்றுவிடவில்லை. ஹேபியர் அடிகளார் கூடைப்பந்தாட்டத்தைப் பயிற்றுவித்தார். மட்டக்களப்பு விளையாட்டரங்கு இன்றும் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பின்னர் வந்தது போர்க்காலம். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், தமிழரும் முஸ்லிம்களும் இக்கரையோரத்திற் சொல்லொணாத் துயருற்ற மாதம். அம்மாதம் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஸ்கூட்டரிற் புறப்பட்ட ஹேபியர் அடிகளாரும், உடன்சென்ற தமிழ் இளைஞரும் ஊர் வந்து சேரவில்லை. இன்றுவரை அவர்கள் திரும்பவில்லை.

அவருக்குத் தாய்நாடு இருந்தது. திரும்பிச் செல்ல வழியும் இருந்தது. எனினும் அவர் செல்லவில்லை. மில்லர் அடிகளாரும் செல்லவில்லை. கிழக்கிலங்கையில் ஏறத்தாழ 70 ஆண்டுகள் வாழ்ந்து, 2019ஆம் ஆண்டு அவர் இம்மண்ணிலேயே மறைந்தார்.

நேயர்களே, அவர்கள் கற்பித்த இலக்கணத்தை மாணவர் பலர் மறந்திருக்கலாம். ஆனால் ஒரே வாங்கில் அமர்ந்த தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே அந்நிய மொழியில், ஒரே வகையாகத் தடுமாறி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த அந்த வேளை மறக்கத்தக்கதன்று. அத்தகைய வாங்குகள் நம் பாடசாலைகளில் இன்னும் எத்தனை உள்ளன என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.